மண்வாரிப் படத்தின் முடிவு

மார்ச் 9, திங்கள்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இருபத்தைந்தாம் தேதி தீர்ப்பு. அதுவரைக்கும் உங்களை இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறது. அதற்குள் முடிந்தவரை கூப்பிட்டுத் தீர்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.

போனில் பேசக் கூடாது என்று உங்கள் வக்கீலும் சொன்னார், எங்கள் வக்கீலும் சொன்னார். கடிதம் எழுதக் கூடாது என்று இருவரும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் எவள் உட்கார்ந்து கடிதம் எழுதப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு தையல்காரியிடம் இப்படி ஓட்டையை விட்டுவைத்தால் விடுவேனா?

என் பையனும் உங்கள் பெண்ணும் சிரித்துக்கொண்டேதான் பிரிகிறார்கள். "அம்மா, சோபாவ அவ எடுத்துக்கட்டும், டிவி எனக்கு" என்கிறான், ஏதோ வீடு மாற்றுகிற மாதிரி. அழுதது நாம் இரண்டு பேர்தான். அதையும் தனித்தனியாக அழுதோம்.

விஷயத்துக்கு வருகிறேன். மொழி மையத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. வருகிற திங்கள் முதல் சனி வரை பிரெஞ்சுக் குறும்பட வாரம். உலகத்தில் எந்தெந்த மூலையில் பிரெஞ்சு பேசுகிறார்களோ அங்கிருந்தெல்லாம் படங்கள். பிள்ளைகள் பிரெஞ்சு பேசும் ஊரில் குடியேறியதும், பேரப்பிள்ளை பிறந்து அந்த மொழியில் பேசினால் என்ன செய்வது என்று நாம் வகுப்பில் சேர்ந்தோமே! பேரப்பிள்ளையும் வரவில்லை, பிரெஞ்சும் வரவில்லை. நாலு வருஷத்தில் கழிவறை எங்கே என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். பதில் சொன்னால் புரியாது. ஆனால் படங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன. கீழே எழுத்து ஓடுகிற புண்ணியம்.

நம்மிடம் இருப்பது ஒரே அட்டை. குடும்ப உறுப்பினர் அட்டை, இருவருக்கு. என் மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு நடுவே கிடக்கிறது. நேருக்கு நேர் பார்க்க வேண்டாம் என்றால் ஒரு யோசனை. ஒரு நாள் நான், ஒரு நாள் நீங்கள். பார்த்து முடித்ததும் அட்டையையும் அன்றைய படங்களைப் பற்றி ஒரு கடிதத்தையும் கவரில் போட்டு, வரவேற்பு மேசையில் இருக்கும் கண்ணாடியம்மாவிடம் கொடுத்துவிடுவது. பார்வையாளர் பரிசுக்கு அட்டைக்கு ஒரு வாக்குத்தான். அதையும் கடிதத்திலேயே பேசி முடிவு செய்யலாம்.

இன்னொன்று. முப்பத்தொன்றாம் தேதியோடு அட்டை முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாலு வருஷமும் 'சம்பந்தி' என்று எழுதினோம். இந்த வருஷம் என்ன எழுதுவது? குடும்பத்தாருக்கு மட்டும்தானாம் அந்த அட்டை. இதுதான் நமக்குக் கடைசி வாரமோ என்னவோ.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
பையனைப் பெற்றவள்


மார்ச் 11, புதன்

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டரைப் பக்கத்தில் விஷயம் முக்கால் பக்கம்.

யோசனைக்குச் சம்மதம். திங்கள், புதன், வெள்ளி நீங்கள். செவ்வாய், வியாழன், சனி நான். ஆனால் படத்தைச் சொன்னால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். எந்த நாடு, எத்தனை நிமிடம், ஆரம்பம், நடு, முடிவு. போன வருடம் நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு படத்தைச் சொன்னீர்களே, கதாநாயகியின் ரவிக்கைக் கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கதை இன்றுவரை தெரியாது.

முப்பத்திரண்டு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவள் நான். அடுத்தவர் சொன்னதை நம்பிக் கோடு போட்டதில்லை. இந்த வாரம் உங்களை நம்பிப் பாதிப் படங்களைப் பார்க்கப் போகிறேன். கவனம்.

உங்கள் கடையில் அன்று வாடிக்கையாளர்கள் முன்னால் நீங்கள் சொன்னதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 16, திங்கள், மாலை ஏழு மணி, மையத்தின் படிக்கட்டில்

எதுவும் எழுதப் போவதில்லை என்று எழுதிய சம்பந்தியம்மாவுக்கு,

முதலில் ஊர் வம்பு. பல் டாக்டர் இந்த வருஷமும் வந்திருக்கிறார். பிரெஞ்சு தெரியும் என்று காட்டுவதற்காக, கீழே எழுத்து வருவதற்கு ஒரு விநாடி முன்னாலேயே சிரிக்கிறார். இன்று ஒரு சாவு வீட்டுக் காட்சியில் சிரித்துவிட்டு மீதி நேரம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார்.

நம் மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்தேன். உங்கள் நாற்காலியில் என் பையை வைத்தேன். "இங்க ஆள் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். "இருக்கு, நாளைக்கு வருவாங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

செனகல் படம், ஏழு நிமிடம் (பார்த்தீர்களா, அளந்துவிட்டேன்). தெருவோரத்தில் ஒரு முடிதிருத்துபவர். அவருடைய ஒரே கண்ணாடி உடைந்துபோகிறது. முடி வெட்டிக்கொண்டவன் தன் முகத்தை எப்படிப் பார்ப்பது? தெருவே கூடி ஒவ்வொருவனுக்கும் சொல்கிறது. "உன் அப்பன் மாதிரி இருக்கடா." "பத்து வயசு கொறஞ்சிருச்சு." ஒரு கிழவரிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் ஒரு சின்னப் பெண் அவர் கன்னத்தைத் தொட்டு, "வழவழன்னு இருக்கு" என்கிறாள். அவ்வளவுதான் படம். ஏழே நிமிடம்! எங்கள் வீட்டுக்காரர் செருப்பைத் தேடி எடுக்கவே அதைவிட நேரமாகும்.

அப்புறம் பெல்ஜியம், பதினாலு நிமிடம். லிப்ட் பழுது பார்ப்பவரும் ஒரு பாட்டு வாத்தியாரம்மாவும் லிப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர் ஐந்தே நிமிடத்தில் சரிசெய்துவிடுகிறார். ஆனால் அந்தம்மா பாதிப் பாட்டில் இருப்பதால் சொல்லாமல் திருகாணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். முடிவு: கதவு தானாகவே திறந்துகொண்டு அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அட்டை உள்ளே இருக்கிறது. நாளை போய் வாருங்கள்.

இப்படிக்கு,
ரவிக்கைக் கழுத்தைப் பற்றி ஒரு வரி எழுதாதவள்


மார்ச் 17, செவ்வாய்

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

திருப்தி. லிப்டின் கொள்ளளவு மட்டும் குறிப்பிடவில்லை.

இன்று இரண்டு படங்கள். முதலாவது ஒரு தீவு நாட்டுப் படம், ஒன்பது நிமிடம் இருபது விநாடி. வேலைநிறுத்த நாளில் ஓர் ஆசிரியை காலி வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிறார். ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டு, அந்தக் குழந்தை இருந்தால் என்ன குறும்பு செய்யுமோ அதற்கு ஒரு அதட்டல் போடுகிறார். கடைசிப் பெயரைக் கூப்பிடும்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து "இருக்கேன் டீச்சர்" என்று ஒரு குரல் வருகிறது. கண்ணில் நீர் வந்தது. ஒரு முறை.

இரண்டாவது மொராக்கோ, பதினோரு நிமிடம். ஒருவர் பழைய சோபா ஒன்றை வாங்கிக்கொண்டு சாலையோரத்தில் நிற்கிறார். எந்த வண்டியும் ஏற்றிக்கொள்ளவில்லை. களைத்துப் போய் அதிலேயே உட்கார்கிறார். வழியில் போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுப் போகிறார்கள். மாலையில் வண்டி வருகிறது. அவர் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார்.

சோபாவை யார் எடுத்துக்கொள்வது என்று உங்கள் பையன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். படம் பார்க்கும்போது அது நினைவுக்கு வந்தது.

உங்கள் நாற்காலியில் நான் பை வைக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 18, புதன்

ஒரே ஒரு முறை அழுத சம்பந்தியம்மாவுக்கு,

பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் எண்பது உருப்படி. அதை முடித்துவிட்டு இடுப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக வந்து சேர்ந்தேன். அதனால் இன்று ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் எப்பேர்ப்பட்ட படம்!

கனடா. பன்னிரண்டு நிமிடம். பனி, பனி, எங்கே பார்த்தாலும் பனி. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு கிழவர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மண்வாரி, வாசலில் விழுந்த பனியை அள்ளிக் கொட்டுகிற அகலமான மண்வாரி. இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலியில் அதை மாட்டிவைப்பார்கள். காலையில் ஒருவர், அவர் முடித்ததும் மற்றவர். ஒரு நாள் ஏதோ ஒரு சொல்லில் சண்டை வருகிறது. பேச்சு நின்றுவிடுகிறது. ஒருவர் மண்வாரியை எடுக்கும் நாளில் மற்றவர் வெளியிலேயே வருவதில்லை.

முடிவைக் கேளுங்கள். மூன்று நாள் விடாமல் பனி கொட்டுகிறது. ஒருவர் வீட்டுக் கதவு பாதிவரை மூடிப்போய்விட்டது, திறக்கவே முடியாது. மற்றவர் விடியும் முன்னே எழுந்து, தன் வாசலைத் தொடாமல், நேராக அடுத்த வீட்டுக் கதவு வரைக்கும் ஒரு பாதை வெட்டுகிறார். கதவில் மண்வாரியைச் சாய்த்து வைக்கிறார். ஒரே ஒரு தட்டு. திரும்பிப் பார்க்காமல் தன் வீட்டுக்கு நடந்துவிடுகிறார். உள்ளே இருந்தவர் கதவைத் திறக்கிறார். பாதையைப் பார்க்கிறார். வெயில் வருகிறது.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

இப்படிக்கு,
பையனைப் பெற்றவள்


மார்ச் 19, வியாழன்

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

இன்றைய மூன்று படங்களைப் பற்றித் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நிமிடக் கணக்கும் உண்டு. ஆனால் படம் ஓடும்போதெல்லாம் நான் அந்த மண்வாரியையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நேரில் போய் அளக்காத நிலத்துக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. இன்று போட்டேன். நம் வாக்கை அந்தக் கனடா படத்துக்கு அளித்துவிட்டேன். நான் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் பார்த்தீர்கள். அது போதும் என்று தோன்றியது. 'ஏன் பிடித்தது?' என்ற கட்டத்தில் ஆறு வரி எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். தன் வாசலைத் தொடாமல் அடுத்த வாசலுக்குப் பாதை வெட்டியதைப் பற்றி.

சீட்டைப் பெட்டியில் போட்டாயிற்று.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 20, வெள்ளி

அன்புள்ள சம்பந்தியம்மா,

பெட்டியில் போட்டாயிற்றா? அதற்குள்ளேயா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

சரி, போகட்டும். நாளை நிறைவு நாள். மேடைப் பேச்சு, மாலை, கைதட்டல், அரை மணி நேரம் மைக் சரிசெய்வார்கள். உங்களுக்கோ முழங்கால் வலி. நாளை வீட்டில் இருந்து ஓய்வெடுங்களேன். உங்களுக்குப் பதில் நானே போய்விட்டு வருகிறேன். இதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

இன்றைய படங்களும் நன்றாகத்தான் இருந்தன. என் மனம்தான் இங்கே இல்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பையனைப் பெற்றவள்


மார்ச் 22, ஞாயிறு

அம்மையாருக்கு,

எனக்கு முழங்கால் வலி கிடையாது. அது உங்களுக்கு.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மைய இயக்குநர், நம் தாடிக்காரர், மேடையேறி, "இந்த வருஷம் வந்ததுலயே ரொம்ப அழகான பார்வையாளர் குறிப்ப இப்ப வாசிக்கப்போறேன்" என்றார். நான் எழுதியதை வாசித்தார். பின்பக்கத்தையும் சேர்த்து வாசித்தார். அரங்கம் கைதட்டியது. பிறகு விளக்கை அணைத்து அந்தப் படத்தைப் போட்டார்கள்.

வேலி இருந்தது. மண்வாரி இருந்தது. சண்டை இருந்தது. மூன்று நாள் பனியும் இருந்தது. நான் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

கிழவர்களில் ஒருவர் கடைக்குப் போகிறார். புதிதாக ஒரு மண்வாரி வாங்கிவருகிறார். தன் வாசலைச் சுத்தம் செய்கிறார். மற்றவரும் தன் வாசலைச் சுத்தம் செய்கிறார். இரண்டு சுத்தமான வாசல்கள். படம் முடிந்தது.

அரங்கத்தில் ஒரே முணுமுணுப்பு. பல் டாக்டர் சிரித்தார், இந்த முறை சரியான நேரத்தில். தாடிக்காரர் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எழுதினவங்க இங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

முப்பத்திரண்டு வருடத்தில் என் வரைபடம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எழுந்து நின்றேன். "நான்தான் எழுதினேன். ஆனா நான் படத்தப் பாக்கல. என் சம்பந்தி பாத்தாங்க" என்றேன். அரங்கமே சிரித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. எத்தனையாவது நிமிடத்தில் தூங்கினீர்கள்?

அட்டை என்னிடம் இருக்கிறது.

பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 23, திங்கள்

அம்மா,

ஐந்தாவது நிமிடம். திரையில் பனியைப் பார்த்தாலே எனக்குக் கண் செருகிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நீங்கள் இருந்தால் முழங்கையால் ஒரு இடி இடிப்பீர்கள். அன்று பக்கத்தில் என் பைதான் இருந்தது. அது இடிக்கவில்லை. விழித்துப் பார்த்தால் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். நானும் தட்டினேன்.

முடிவைச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் முதல் கடிதத்திலேயே நிபந்தனை போட்டிருந்தீர்கள். தூங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தால் அந்தக் கிழவர் தானாக எழுந்து பாதை வெட்ட ஆரம்பித்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

உங்கள் வாக்கு விஷயம் தெரிந்ததும் வெள்ளிக்கிழமை பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணாடியம்மா, "என்னம்மா, என்ன வேணும்?" என்றார். "ஒண்ணுமில்ல, சீட்டுல ஒரு திருத்தம்" என்றேன். "சாவி சார்கிட்டல்ல இருக்கு" என்றார். அவர் போன் பேசத் திரும்பியபோது, என் பையிலிருந்த கொக்கி ஊசியைப் பெட்டியின் வாயில் விட்டு இழுத்தேன். வெளியே வந்தது பல் டாக்டருடைய சீட்டு. ஒன்பது எழுத்துப்பிழை. திருப்பிப் போட்டுவிட்டேன். உங்கள் சீட்டு வரவில்லை, ஊசிதான் உள்ளே விழுந்தது. அட்டையைக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டு சனிக்கிழமை போய்விடலாமா என்று அதையும் யோசித்தேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்து கவரில் போட்டேன். அந்த ஒரு நேர்மைதான் இந்த வாரத்தில் நான் காட்டியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாகத் தொண்டையில் நிற்கிறது. அன்று கடையில், அத்தனை பேர் முன்னால், "பொண்ண அளந்து அளந்து வளத்தீங்க, பாசத்த விட்டுட்டீங்க" என்று சொன்னேன். என் பையன் மேலிருந்த கோபம், வேறு யார் மேலேயும் கொட்ட முடியாமல் உங்கள் மேல் கொட்டினேன். நீங்கள், தைக்கக் கொடுத்த துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனீர்கள். அந்தத் துணியின் அளவுச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

துணி தைக்கும்போது உள்ளே ஓர் அங்குலம் மடித்து விட்டுத் தைப்பேன், பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று. பேசும்போது மட்டும் ஒட்ட வெட்டிவிடுகிறேன்.

அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தனி அட்டையாக மாற்றித் தருவார்களாம். கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
என்ன என்று போட்டுக்கொள்வது தெரியாதவள்


மார்ச் 30, திங்கள்

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கொக்கி ஊசி கிடைத்துவிட்டது. கண்ணாடியம்மா என்னிடம் கொடுத்து, "உங்க சம்பந்தியோடதா?" என்றார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.

தனி அட்டை பற்றியும் கேட்டேன். "ஒரு நிமிஷ வேலைம்மா, இப்பவே போட்டுத் தரேன்" என்றார். பேனாவைக்கூட நீட்டினார். கடையில் புது மண்வாரியைக் கையில் எடுத்துப் பார்த்த அந்தக் கிழவரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

தீர்ப்பின் நகல் சனிக்கிழமை கைக்கு வந்தது. பதினோரு பக்கம். என் பழக்கப்படி வரிவரியாகப் பார்த்தேன். உங்கள் பையன் இருக்கிறான், என் பெண் இருக்கிறாள், சோபா இருக்கிறது, டிவி இருக்கிறது. என்னையும் உங்களையும் பிரிப்பதாக அதில் ஒரு வரிகூட இல்லை. சந்தேகத்துக்கு வக்கீலுக்குப் போன் போட்டேன். "அப்படியெல்லாம் எழுத மாட்டாங்கம்மா" என்றார். இனிமேல் போனில் பேசலாமா என்றும் கேட்டேன். யாரோடு வேண்டுமானாலும் பேசலாமாம்.

அன்று கடையில் நீங்கள் சொன்னது பாதி சரி. அளந்து வளர்த்தேன். வேறு விதமாக எனக்குத் தெரியாது. மீதிப் பாதி தப்பு. அது உங்களுக்கும் தெரியும் என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. துணியை இன்னும் வேறு கடையில் கொடுக்கவில்லை. அளவுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

தாடிக்காரர் அந்தச் சீட்டைப் படத்தை எடுத்தவருக்கே அனுப்பிவிட்டாராம். பதில் வந்திருக்கிறது. தாடிக்காரர் மொழிபெயர்த்துச் சொன்னார்: 'அந்த அம்மா பார்த்த படத்தை நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.' நானும்தான் இன்னும் பார்க்கவில்லை என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

படிவம் இத்துடன் இருக்கிறது, தபாலை நம்பாமல் ஆள் மூலம் அனுப்புகிறேன். 'உறவு' கட்டத்தில் எப்போதும் எழுதுவதையே எழுதியிருக்கிறேன், மையினால். உங்கள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். நாளை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். வாசலில் நிற்பேன். ஐந்து மணி என்றால் ஐந்து மணி.

அடுத்த வருடம் பனிப் படம் வந்தால் முழங்கையால்தான் இடிப்பேன். கத்தக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி